ஒன்பதாம் நம்பர் பிளக்

அப்பா,

இன்று காலை பாப்பாவை டான்ஸ் வகுப்புக்குக் கூட்டிப்போகக் கீழே இறங்கினேன். மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருப்பவர் வண்டி நிறுத்தும் இடத்தில் தன் பைக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வண்டி உயிர் பிடிக்கும், நாலு தரம் டப் டப்பென்று இருமும், நின்றுவிடும். பாதி எரிந்தும் எரியாமலும் வெளியே வந்த பெட்ரோல் வாசனை அந்தத் தாழ்ந்த கூரைக்குக் கீழே தேங்கி நின்றது. என் கால் நகரவில்லை. பாப்பா கையைப் பிடித்து இழுத்தாள்.

"மேடம், மெக்கானிக் எவரைனா தெலுசா?" என்று அவர் தெலுங்கில் கேட்டார். மெக்கானிக் பெயர் எதுவும் என் வாயில் வரவில்லை. "ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நம்பரைப் பாருங்கள். உங்கள் வண்டிக்கு உரிய நம்பர்தானா என்று பாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மீக்கு பைக் கூடா தெலுசா?" என்று சிரித்தார். உங்களுக்கு பைக்கும் தெரியுமா என்கிறார்.

தெரியாது அப்பா. பைக்கைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம். அதை உங்களிடம் சொல்லாமலேயே உங்களை அனுப்பிவிட்டேன். நீங்கள் போய் நாலு வருஷம் ஆகிறது. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இத்தனை நாள் இருந்தேன். இன்று மத்தியானம் வேறொன்று நடந்தது. அதையும் கடைசியில் சொல்கிறேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் வண்டிக்கு ஒரு கோளாறும் இல்லை. உங்கள் கைக்கும் இல்லை. அந்த மழைக்காலம் முழுக்க நீங்கள் தேடித் தேடி ஓய்ந்த அந்த இருமலை உங்கள் வண்டிக்குள் வைத்தது நான்.

அம்மா போன பிறகு திருநெல்வேலி வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்து இருங்கள் என்று கேட்டபோது நீங்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டீர்கள். "வண்டியும் வரும்." பெட்ரோலை வடித்து, வைக்கோலும் சாக்கும் சுற்றி, பார்சல் வண்டியில் ஏற்றி அனுப்பினீர்கள். செகந்திராபாத் ஸ்டேஷனில் அதை எடுக்கப் போன உங்கள் மாப்பிள்ளை திரும்பி வந்து, "மாமனார் வந்தப்பகூட இவ்வளவு பேர் சேர்ந்து இறக்கல" என்றார். சாக்கைப் பிரித்ததும் நீங்கள் முதலில் கண்ணாடியைத் துடைத்து அதில் உங்கள் மீசையைப் பார்த்தீர்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா போன பிறகு அன்றைக்குத்தான் உங்கள் முகத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டராக முப்பது வருஷம் ஊர் ஊராக வண்டியில் சுற்றியவர் குஷாய்குடாவில் இரண்டாம் மாடி பால்கனியில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பீர்கள்? நான் மாதாப்பூருக்கு ஆபீஸ் வண்டியில் ஏழரைக்கே கிளம்பிவிடுவேன். உங்கள் மாப்பிள்ளைக்கு ஃபாக்டரி பக்கம்தான், ஆனால் அவருக்கு ஷிஃப்ட். பாப்பாவைப் பாலர் பள்ளிக்குக் கொண்டுபோய் விடும் வேலையை நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். பெட்ரோல் டாங்கின் மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதில் அவளை உட்காரவைத்து, இரண்டு கைக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு போவீர்கள். அவள் ஹாரனை அடித்துக்கொண்டே போவாள். தெருவே உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிளக்கைக் கழற்றி மேலே எடுத்து வருவீர்கள். பால்கனி வெளிச்சத்தில் பேப்பர் மேல் வைத்துப் பார்ப்பது உங்களுக்கு ஒரு சடங்கு. பாப்பாவிடம், "நாக்க நீட்டு பாப்போம்" என்பீர்கள். அவள் நீட்டுவாள். "ம், நல்லாருக்கு. இப்ப இவன் நாக்கப் பாப்போம்." பிளக்கின் முனையைத் திருப்பிக் காட்டுவீர்கள். "டீயில முக்குன பிஸ்கட்டு நெறம் இருக்குல்லா, அதான் ஆரோக்கியம். கறுத்தா சீக்கு. வெளுத்தா காய்ச்சல்." உடைந்த ஹேக்ஸா பிளேடுத் துண்டு ஒன்றை முனையில் இருக்கும் இடைவெளிக்குள் விட்டுப் பார்ப்பீர்கள், அது இழுத்தால் லேசாகப் பிடித்து வரவேண்டும். "மனுசன் பொய் சொல்லுவான். பிளக்கு சொல்லாது" என்பது உங்கள் பேச்சு. நான் சமையலறையிலிருந்து இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டே இட்லி ஊற்றுவேன். அப்போது அது எனக்கு வெறும் பேச்சுதான்.

பயம் என்றைக்கு ஆரம்பித்தது என்று எனக்குச் சரியாகத் தெரியும். ஒரு சனிக்கிழமை. எனக்கு விடுமுறை. பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பாப்பாவோடு நீங்கள் மெயின் ரோட்டிலிருந்து நம் தெருவுக்குள் திரும்புகிறீர்கள். இடது பக்கத்திலிருந்து தண்ணீர் டாங்கர் ஒன்று வந்தது. நீங்கள் தலையைத் திருப்பவே இல்லை. டாங்கர் பிரேக் அடித்த சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடியது. டிரைவர் தலையை வெளியே நீட்டி எதையோ கத்தினான். நீங்கள் பாட்டுக்கு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, வண்டியை உள்ளே கொண்டுவந்து ஸ்டாண்டு போட்டீர்கள். பாப்பா ஹாரனை அடித்துக்கொண்டிருந்தாள்.

நான் ஈரத் துணியோடு ஓடி வந்தேன். "அப்பா, பாத்தீங்களா?"

"எதை?" என்றீர்கள்.

அந்த "எதை?" என்ற ஒரு வார்த்தைதான் அப்பா. நீங்கள் பார்த்திருந்து, ஆனாலும் பரவாயில்லை என்று வந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். நீங்கள் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு காலை ஒன்பது பத்துக்கு நான் ஆபீஸில் எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் எழுந்து வெளியே வந்து பள்ளிக்கு போன் போடுவேன். பாப்பா வந்துட்டாளா? முதல் வாரம் அந்த டீச்சர் மரியாதையாகப் பதில் சொன்னாள். மூன்றாம் வாரம் நான் பேசுவதற்கு முன்பே, "ஒச்சிந்தி மேடம், ஒச்சிந்தி. மீ நான்னகாரு மா கடியாரம் கன்னா கரெக்ட்" என்று சிரித்தாள். வந்துவிட்டாள், உங்கள் அப்பா எங்கள் கடிகாரத்தைவிடக் கரெக்ட் என்று. நானும் சிரித்துவிட்டு போனை வைப்பேன். கூட்டத்துக்குத் திரும்பினால் காதில் ஒன்றும் ஏறாது. பதினொன்றே முக்காலுக்கு நீங்கள் அவளைத் திரும்பக் கூட்டி வருவீர்கள். அடுத்த பயம் பதினொன்றே முக்காலுக்கு.

உங்களிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று எவரும் கேட்கலாம். சொல்லிப் பார்த்தேனே. ஒரு நாள் சாப்பிடும்போது, "அப்பா, பாப்பாவ ஆட்டோல அனுப்பிடலாமா? உங்களுக்கு ஏன் அலைச்சல்?" என்று ஆரம்பித்தேன்.

"ஏட்டி, ஆட்டோக்காரன் என்னைவிட நல்லா ஓட்டுதானா?"

"அதுக்கில்லப்பா. டிராஃபிக் ஜாஸ்தியா இருக்கு."

"நான் குளத்தங்கரையில, ஒரு பக்கம் தண்ணி ஒரு பக்கம் பள்ளம், மழையில ஓட்டுனவன். இந்த ஊருல ரோட்டுல எருமையும் வருது, மந்திரியும் வாராரு. ரெண்டுக்கும் வழி விட எனக்குத் தெரியும். நீ ரசத்த ஊத்து."

ஊற்றினேன். உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னேன். "உங்கப்பா. நீயே சொல்லிக்கோ. நான் சொன்னா மறுநாளே பெட்டியத் தூக்கிட்டு ஊருக்குக் கெளம்பிடுவாரு" என்றார். அதுவும் உண்மைதான். உங்களுக்குக் கண் சரியில்லை, உங்களுக்கு வயதாகிவிட்டது என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல நம் வீட்டில் எவருக்கும் வாய் வந்ததில்லை. அம்மாவே கடைசிவரை, "அவுகளுக்கு வெளிச்சம் பத்தல" என்றுதான் சொல்வாள்.

அப்பா, என் வேலை என்ன என்று நீங்கள் கேட்டபோது, "மத்தவங்க எழுதற புரோகிராம்ல தப்பு கண்டுபிடிக்கறது" என்றேன். "நல்ல வேலதான், நம்ம ஆடிட்டு மாதிரி" என்றீர்கள். அந்த வேலையில் நான் கற்ற ஒன்று உண்டு. பெரிய தப்பு யாரையும் தோற்கடிக்காது, ஒரே நாளில் பிடித்துவிடுவார்கள். வரும், போகும், தேடும்போது காணாமல் போகும் தப்புதான் ஆளைத் தின்னும். மூன்று வாரம் அதைத் துரத்திவிட்டு எல்லாரும் ஓய்ந்து, இருந்துவிட்டுப் போகட்டும் என்று கையைக் கழுவுவார்கள். அதை நினைத்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. உங்கள் வண்டி உங்களை ஓயவைக்கட்டும். நான் எதுவும் சொல்லவேண்டாம்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் மதிய இடைவேளைகளில் தேடிப் படித்தேன். பிளக்கில் சூட்டுக்கு ஒரு நம்பர் இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். உங்கள் வண்டிக்குப் போடும் பிளக் கம்பெனியில் நம்பர் கூடக் கூட, பிளக் தன் சூட்டைச் சீக்கிரம் இஞ்சினுக்குக் கொடுத்துவிட்டுத் தான் குளிர்ந்துவிடும். வேகமாக ஓடும் பந்தய வண்டிக்கு அது தேவை. பாப்பாவை வைத்துக்கொண்டு இரண்டாம் கியரில் இரண்டு கிலோமீட்டர் போகும் வண்டிக்கு அதைப் போட்டால், முனையில் படியும் கரியை எரிக்க அதற்குச் சூடு போதாது. கரி ஏறும். சில நாளில் பொறி தவறும். உங்கள் வண்டிக்கு ஏழு. நான் ஒன்பது தேடினேன். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பீங்கான் மேல் பொடி எழுத்தில் இருக்கும் அந்த ஓர் எண்தான் வேறு.

ஜெனரல் பஜாரில் துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ராணிகஞ்சுக்குப் போனேன். கடைக்காரர் வண்டிப் பெயரைக் கேட்டார். சொன்னேன். ஒன்பது வேண்டும் என்றதும் எடுத்த பெட்டியை அப்படியே பிடித்துக்கொண்டார். "நக்கோ மேடம். ஏ ரேஸ் வாலோங்கா ஹை. ஆப்கே காடி மே நை சல்தா." பந்தயக்காரர்கள் போடுவது, உங்கள் வண்டிக்கு ஆகாது என்கிறார்.

"பரவால்ல, கொடுங்க."

"கைக்கு?" என்றார். எதற்கு?

"என் தம்பி ரேஸ் ஓட்டறான்" என்றேன். எனக்குத் தம்பியே கிடையாது. அவர் தலையில் அடித்துக்கொண்டு, "ஹவ், சப்கூ ரேஸ்" என்று பொட்டலம் கட்டினார். ஆமாம், எல்லாருக்கும் ரேஸ்தான் என்று. இரண்டு வாங்கினேன். ஏன் இரண்டு வாங்கினேன் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று அந்த அளவுக்கு நிதானமாக இருந்திருக்கிறேன்.

ஞாயிறு சாப்பாட்டுக்குப் பின் நீங்கள் படுத்ததும் உங்கள் டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். "வெரல்லயே மொதல்ல சுத்தணும், ஸ்பேனர் பொறவுதான்" என்று நீங்கள் பாப்பாவுக்குச் சொன்னது காதில் கேட்டது. விரலாலேயே சுற்றினேன். கழற்றிய ஏழாம் நம்பரைப் பாப்பாவின் பழைய சாக்ஸுக்குள் போட்டு என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். மேலே வந்து கையைச் சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினேன். நீங்கள் லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தீர்கள்.

என் கணக்கு இதுதான். ஒரு நாள் காலை உதைப்பீர்கள், வண்டி கிளம்பாது. வாசலிலேயே நிற்கும். ஆட்டோ கூப்பிடுவீர்கள். இப்படி நாலு தரம் ஆனால் ஆட்டோ பழகிவிடும். வண்டி நின்றால் வாசலில்தான் நிற்கும் என்று நினைத்தேன் அப்பா. ஆயிரம் விதமாகச் சோதித்துப் பார்ப்பதுதான் என் தொழில். ஒரே ஒரு விதத்தைத்தான் யோசித்தேன்.

ஐந்தாறு நாளில் இருமல் ஆரம்பித்தது. பாப்பா வீட்டுக்குள் வந்து, "தாத்தா பண்டி டப் டப்" என்று குதித்துக் காட்டினாள். நீங்கள் பிளக்கைக் கழற்றி, பெட்ரோலில் முக்கி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துப் போட்டீர்கள். இரண்டு நாள் ஓடியது. மறுபடி இருமல். பெட்ரோலில் கலப்படம் என்று பங்க்கை மாற்றினீர்கள். பிளக் மூடியை மாற்றினீர்கள். ஒயரை மாற்றினீர்கள். புது பிளக்கே வாங்கிப் போட்டீர்கள். அன்று வண்டி பட்டுப்போல ஓடியது. "ஜெயிச்சாச்சு" என்று பாப்பாவுக்குக் கைகொடுத்தீர்கள். அடுத்த ஞாயிறு நீங்கள் படுத்ததும் நான் என்னிடம் இருந்த இன்னொன்றை மாட்டினேன்.

முதல் தரம் செய்ததைப் பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாம் தரம் செய்ததற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் ஜெயித்ததைப் பார்த்தும் போய்ச் செய்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு காலையைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். பால்கனியில் உட்கார்ந்து பிளக்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். கன்னங்கரேலென்று இருந்தது. "புதுசு. எட்டு நாள் ஆகல. ஏன் இப்படிக் கறுக்குது?" என்று உங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டீர்கள். அப்புறம் தலையைத் தூக்கினீர்கள். "எம்மா, இங்க வா. கண்ணாடி உள்ள இருக்கு. இதுல என்ன நம்பர் போட்டிருக்குன்னு வாசி. கடக்காரன் மாத்திக் குடுத்துட்டானோ என்னமோ."

கண்டுபிடித்துவிட்டீர்கள் அப்பா. கண் தெரியாமலே கண்டுபிடித்துவிட்டீர்கள். நான் பிளக்கை வாங்கினேன். துணியால் துடைத்தேன். ஒன்பது என்று அவ்வளவு தெளிவாக இருந்தது. என் காதில் டாங்கர் பிரேக் அடிக்கும் சத்தம் கேட்டது.

"ஏழுதாம்ப்பா" என்றேன்.

"ஏழா? அப்பம் சரிதான்" என்று வாங்கி, என்னை நம்பி, மறுபடி தேய்க்க ஆரம்பித்தீர்கள்.

அன்று சாயங்காலம் வண்டியைத் தெருமுனை மெக்கானிக் யாதய்யாவிடம் தள்ளிக்கொண்டு போனீர்கள். அவன் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டி, ஓட்டிப் பார்த்துவிட்டு, "பண்டிகி ஏம் லேது அங்கிள், மீக்கே வயசயிபோயிந்தி" என்றானாம். வண்டிக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் வயதாகிவிட்டது என்று. அதை நீங்களே வந்து எங்களிடம் சொல்லிச் சிரித்தீர்கள். உங்கள் மாப்பிள்ளையும் சிரித்தார். அன்று இரண்டு தோசையோடு எழுந்துவிட்டீர்கள்.

பிறகு அந்த வியாழக்கிழமை. ஆபீஸ் வண்டி வரவில்லை. பஸ் ஸ்டாப் வரை கொண்டுபோய் விடுகிறேன், வழியில் பாப்பாவையும் விட்டுவிடலாம் என்றீர்கள். நான் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால்தான் காரணம். பாப்பா முன்னால், நான் பின்னால். தெருமுனைவரை நன்றாகத்தான் ஓடியது. மெயின் ரோட்டைக் கடக்கப் பாதித் தூரம் வந்ததும் இருமியது. ஒரு தரம். இரண்டு தரம். நின்றுவிட்டது. நடு ரோட்டில்.

செர்லபல்லிப் பக்கம் போகும் சிலிண்டர் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. அந்தச் சிவப்பு சிலிண்டர்கள் ஒன்றோடொன்று மோதி அதிரும் சத்தம் ஹாரனைவிடப் பெரிதாகக் கேட்டது. பாப்பா ஹாரன் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தாள். நீங்கள் ஒரே ஒரு வார்த்தை சொன்னீர்கள்: "எறங்கு." குதித்தேன். நீங்கள் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, அவளை மார்போடு அழுத்திக்கொண்டு, வண்டியைப் பின்னால் இழுத்தீர்கள். லாரி எங்கள் முன்னால் போனது. அதன் காற்று என் துப்பட்டாவைத் தூக்கியது. ஓரத்துக்கு வந்தபின் நான் பாப்பாவை உங்களிடமிருந்து பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் அவள் காலைச் சைலன்சரில் உரசவிட்டது நான்தான். அவள் அலறியது அப்போதுதான். அந்த வடு இன்னும் அவள் கெண்டைக்காலில் இருக்கிறது. தாத்தா வண்டியில் சுட்டது என்று தோழிகளிடம் சொல்கிறாள்.

அன்று லாரி வந்தது வலது பக்கம். நீங்கள் அதை எனக்கு முன்பே பார்த்தீர்கள்.

வீட்டுக்கு வந்து சாவியை என் கையில் வைத்தீர்கள். "போதும்மா. வண்டிக்கு ஒண்ணுமில்ல. என் கைதான் போச்சு. கிளச்ச எங்கயோ தப்பா விடுதேன்போல. காதும் சரியில்ல, இருமுததுக்கு முன்னாலயே எனக்குக் கேட்டுருக்கணும்லா." நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் மறுநாள் பாப்பா மறுபடி டாங்கில் ஏறுவாள். சாவியை விரலுக்குள் இறுக்கி மூடிக்கொண்டேன்.

வண்டியை யாதய்யாவே வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். அவன் எடுத்துப்போக வரும் நாள் காலை எனக்கு வேறொரு பயம். அந்த பிளக்கோடு அவனுக்குக் கொடுத்தால்? அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். நீங்கள் குளிக்கப் போனதும் கீழே ஓடி, சாக்ஸுக்குள் இருந்த உங்கள் பழைய ஏழாம் நம்பரை எடுத்து மாட்டினேன். நல்லது செய்கிறேன் என்றுதான் செய்தேன்.

யாதய்யா வந்தான். ஒரே உதை. வண்டி பிடித்தது. நீங்கள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். தெரு முழுக்கப் போனான், திரும்பி வந்தான், கையை ஆட்டிவிட்டு மறுபடி போனான். ஓர் இருமல் இல்லை. சத்தம் தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் திரும்பிச் சிரித்தபடி சொன்னீர்கள்: "பாத்தியா. அவன் கையில எப்படி ஓடுது."

அதற்குப் பிறகு பாப்பா ஆட்டோவில் போனாள். நான் ஒன்பது பத்துக்கு போன் செய்வதை நிறுத்தினேன். நீங்கள் பால்கனியில் உட்கார்ந்தீர்கள். காய்கறி வாங்க அனுப்பினால், "நான் மறந்துருவேன், நீயே வாங்கிரு" என்றீர்கள். காஸ் சிலிண்டருக்கு ரெகுலேட்டர் மாட்டக்கூட, "மாப்பிள்ள வரட்டும்" என்றீர்கள். பிளக் கழற்றிப் போட்ட கை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். எனக்கு ஒரு தீர்ப்பு வேண்டியிருந்தது. இடது பக்கம் ஒன்றுமே தெரியாது என்று அவர் சொல்லிவிட்டால் நான் செய்தது சரி. அவர் விளக்கை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, "வயசுக்கு ஏத்த மாதிரிதான் இருக்கு. இடது பக்கம் கொஞ்சம் மங்கல். கண்ணாடி மாத்தினா போதும்" என்றார். வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். "மெதுவா ஓட்டலாமே" என்றார். நீங்கள் முந்திக்கொண்டு, "இல்ல டாக்டர், நான் விட்டாச்சு" என்றீர்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து அதே பால்கனி நாற்காலியில், பேப்பர் மடியில் கிடக்க, போய்விட்டீர்கள். நெஞ்சு என்றார்கள். நான் ஆபீஸில் இருந்தேன். போன் வந்தபோது மணி பதினொன்றே முக்கால். என் உடம்பு முதலில் பாப்பாவை நினைத்துத்தான் பதறியது. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும்.

பாப்பா சைக்கிள் ஓட்டுகிறாள் அப்பா. இன்று சாயங்காலம் அடுத்த காலனியில் இருக்கும் தோழி வீட்டுக்குத் தனியாகப் போவதாக ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதே மெயின் ரோட்டைக் கடக்கவேண்டும். சரி என்று சொல்லியிருந்தேன். மத்தியானம் அவள் தூங்கும்போது எதற்கோ கீழே போனேன். அவள் சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின் டயரில் காற்று சீறிக்கொண்டு வெளியேறியபோதுதான் என் விரல்கள் வால்வில் இருப்பதைப் பார்த்தேன். நான் அதைச் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கூடப் போகவில்லை. கை தானாகப் போயிருக்கிறது.

"அம்மா, ஏம் சேஸ்துன்னாவ்?" என்ன செய்கிறாய் என்று கேட்டபடி பாப்பா படியில் நின்றுகொண்டிருந்தாள்.

காற்று இருக்கிறதா என்று பார்த்தேன் என்று சொல்லவே வாய் போனது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் கண் அவளுக்கு. நீங்கள் பிளக்கை நீட்டியபோது என்னைப் பார்த்த அதே பார்வை.

"எனக்குப் பயமா இருக்கு பாப்பா" என்றேன். "நீ அந்த ரோட்டத் தாண்டறது எனக்குப் பயமா இருக்கு. அதான் காத்த எறக்கினேன். நீ போகக்கூடாதுன்னு."

திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். படியிலிருந்து இறங்கி வந்தாள். பிறகு, "அதி செப்பொச்சு கதா, அம்மா" என்றாள். அதைச் சொல்லியிருக்கலாம்தானே.

மேலே போய்ப் பம்பை எடுத்து வந்தாள். அவள் பிடித்துக்கொள்ள நான் அடித்தேன். மெயின் ரோட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் கடக்கவேண்டும் என்றேன். சரி என்றாள். ஆறு மணிக்குள் வரவேண்டும் என்றேன். "ஒஸ்தா" என்றாள். வருகிறேன் என்றுதான். போய்விட்டாள்.

இப்போது ஐந்து நாற்பது. பின்னாலேயே போய் நிற்கக் கூடாது என்று என்னைக் கட்டிப்போட்டு உட்காரவைக்கத்தான் இந்தக் கடிதத்தை எடுத்தேன். ரோட்டில் ஒவ்வொரு ஹாரனுக்கும் பேனா நிற்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் இன்று நான் சொன்னதை உங்களிடம் சொல்லியிருந்தால் நீங்கள் கோபித்திருப்பீர்கள். பெட்டியைத் தூக்கியிருப்பீர்கள். வண்டியில் போயே செத்தும் இருக்கலாம். என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் கை போய்விட்டது என்று நம்பிக்கொண்டு நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். அந்தச் சொல்லாத பேச்சை இன்னும் வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். நேரம் தப்பிப்போனாலும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அப்பா, நீங்க வண்டி ஓட்டினா எனக்குப் பயமா இருக்குப்பா.